கல்லாப் பெட்டிக்கு முன்னால் ஒரு சதுரக் கட்டம்



பெட்டிக்கடை முதல் மொத்த மண்டி வரை இன்று கல்லாப் பெட்டிக்கு முன்னால் ஒரு சதுரக் கட்டம் நிற்கிறது. இளநீர் வெட்டுகிறவரின் தள்ளுவண்டியிலும் அது தொங்குகிறது. க்யூஆர் கோடு என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது, வாடிக்கையாளர் போனைக் காட்டியதும் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த நேரத்தில் அது நம்முடைய பணமாகிறது என்று கேட்டால், நம்மில் பலர் மகனையோ கடைப் பையனையோ கூப்பிடுகிறோம். நோட்டைத் தடவிப் பார்த்தே நல்லதா கள்ளதா என்று சொல்லத் தெரிந்தவர்கள் நாம். பழைய காலத்தில் வெள்ளி ரூபாயைக் கல்லில் தட்டிச் சத்தம் கேட்டு வாங்கியவர்கள் நம் முன்னோர். இந்தப் புதுப் பணத்தையும் அப்படித் தட்டிப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. நாம் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள்; ஆகையால் நம் தொழில் பாஷையிலேயே எழுதுகிறோம்.

கட்டம் வந்த வழி

முதலில் வந்தது கோடு. கட்டம் பிறகுதான் வந்தது. சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறம் உள்ள பார்கோடு அமெரிக்காவில் உண்டானது. நார்மன் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இருவர் 1952-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அது கடைக்கு வந்துசேர மேலும் 22 வருஷம் ஆயிற்று. 1974 ஜூன் 26 அன்று, ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், பார்கோடு காட்டி முதன்முதலாக விற்ற சரக்கு ஒரு சூயிங்கம் கட்டு. விலை 67 சென்ட்.

பார்கோடில் விலை கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம் நாட்டுப் பாக்கெட்டுகளில் இருப்பது 13 இலக்க எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு என்ன சரக்கு, என்ன விலை என்பது நம் கடைக் கம்ப்யூட்டரில் நாம் ஏற்றி வைப்பது. எண் 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த சரக்கு என்று விற்பனைப் பிரதிநிதிகள்கூடச் சொல்கிறார்கள், அது சரியல்ல. அந்தக் கம்பெனி இந்தியாவில் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறது என்பதே அதன் அர்த்தம்.

கோட்டிலிருந்து கட்டத்துக்கு வந்தது ஜப்பானில். அங்கே டொயோட்டா கார் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் டென்ஸோ தொழிற்சாலையில், ஒவ்வொரு பெட்டியிலும் பத்துப் பார்கோடு வரை ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு பார்கோடில் சுமார் 20 எழுத்துதான் அடங்கும். தொழிலாளிகள் ஒரு நாளில் ஆயிரம் பார்கோடு வரை ஸ்கேன் செய்து சலித்துப்போனார்கள். மஸாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் இதற்கு வழி தேடினார். மதிய இடைவேளையில் அவர் ஆடுவது 'கோ' என்ற ஆட்டம். சதுரப் பலகையில் கறுப்புக் காய், வெள்ளைக் காய் வைத்து ஆடுவது. கோடுபோல ஒரே திசையில் எழுதாமல், அந்தப் பலகைபோல நீளத்திலும் அகலத்திலும் எழுதினால் அதிகம் அடங்குமே என்று அவருக்குத் தோன்றியது. 1994-ல் க்யூஆர் கோடு வெளிவந்தது. எண்களாக மட்டும் எழுதினால் ஒரு கட்டத்தில் 7,089 இலக்கம் வரை அடக்கலாம்.

கட்டத்தின் மூன்று மூலைகளில் மூன்று கண்கள்போலச் சதுரங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அலங்காரத்துக்கு அல்ல. கருவி, அட்டையில் உள்ள மற்ற எழுத்து, படங்களுக்கு நடுவே, 'இங்கேதான் கட்டம் இருக்கிறது' என்று கண்டுபிடிப்பது அவற்றை வைத்துத்தான். எந்தப் பக்கமிருந்து குறுக்கே பார்த்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1, 1, 3, 1, 1 என்ற கணக்கில் வரும். துண்டுப் பிரசுரம், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று கையில் கிடைத்த அச்சுச் சரக்கையெல்லாம் ஹாராவும் கூட இருந்தவரும் அளந்து பார்த்து, எங்குமே அதிகம் வராத விகிதம் இதுதான் என்று தேர்ந்தெடுத்தார்களாம். தலைகீழாகக் காட்டினாலும் போன் படித்துவிடுவதற்குக் காரணம் இந்த மூன்று கண்கள்தான். இன்னொரு வசதி, எழுதிய விஷயத்தைச் சரிபார்க்கும் கணக்கும் கட்டத்துக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. எந்த அளவு பாதுகாப்பு வைத்து அச்சிட்டார்கள் என்பதைப் பொறுத்து, 7 முதல் 30 சதவீதம் வரை அழிந்தாலும் மீதியை வைத்துப் படித்துக்கொள்ளும். எண்ணெய்க் கை பட்ட அட்டை, மூலை கிழிந்த அட்டையெல்லாம் வேலை செய்வது இதனால்தான்.

டென்ஸோ இதற்குக் காப்புரிமை வாங்கியும், முறைப்படி பயன்படுத்துகிறவர்களிடம் உரிமையைக் கோருவதில்லை என்று அறிவித்துவிட்டது. அட்டைக்கு இத்தனை என்று ராயல்டி கேட்டிருந்தால், நம் ஊர்த் தள்ளுவண்டியில் அது தொங்கியிராது.

மொத்த வியாபாரிகளின் பில்லில் உள்ள கட்டம் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை அரசு தளத்தில் ஏற்றி, அங்கிருந்து வரும் கட்டத்தைப் பில்லில் அச்சிட வேண்டும். விற்றவர், வாங்கியவர் இருவரின் ஜிஎஸ்டி எண்கள், பில் நம்பர், தேதி, தொகை எல்லாம் அதில் முத்திரையிட்ட மாதிரி பதிவாகியிருக்கும். அதற்கான செயலியில் காட்டினால் பில் அசலா என்று தெரியும். சில்லறை வியாபாரிகள், வரி கழிக்கப்போகும் பில்லை ஒருமுறை இப்படிப் பார்ப்பது நல்லது. பாக்கெட்டுகளிலும் இனிக் கோட்டுக்குப் பதில் கட்டம் வரும். உள்ளே காலாவதித் தேதியும் லாட் நம்பரும் இருக்கும். 2027-க்குள் கடை ஸ்கேனர்கள் அதைப் படிக்கத் தயாராக வேண்டும் என்று பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்தது. புது ஸ்கேனர் வாங்குகிறவர்கள் கட்டத்தையும் படிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பணத்துக்கு வருவோம்.

அட்டையில் இருப்பது விலாசம் மட்டுமே

கல்லாவுக்கு முன்னால் உள்ள கட்டத்தைப் பிரித்துப் படித்தால் முக்கியமாக இரண்டு விஷயம்தான் இருக்கிறது. பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ விலாசம் ஒன்று. கடையின் பெயர் மற்றொன்று. நம் கணக்கில் எவ்வளவு இருப்பு என்பது அதில் இல்லை. ரகசிய எண் இல்லை. வாசலில் எழுதிய கதவிலக்கம் எப்படியோ அப்படித்தான் இது. கதவிலக்கத்தைப் படித்தவர் வீட்டுக்குள் வந்துவிட முடியாது. ஆனால் கதவிலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் வருகிற தபால் வேறு வீட்டுக்குப் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் மோசடிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

அட்டையில் நிரந்தரமாக அச்சிட்ட கட்டத்தில் தொகை கிடையாது. வாடிக்கையாளர்தான் போட வேண்டும். பில் மெஷினிலோ கம்ப்யூட்டர் திரையிலோ ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக வரும் கட்டத்தில் தொகையும் பில் நம்பரும் சேர்ந்தே வரும். 1,450 ரூபாய்க்குப் பதிலாக 145 ரூபாய் போட்டுவிட்டுப் போகிற தொல்லை இரண்டாவதில் இல்லை. கூட்டம் அதிகமுள்ள கடைகளுக்கு அதுவே ஏற்றது.

பணம் வரும் வழி

யுபிஐ முறையை நடத்துவது என்பிசிஐ என்ற தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம். ரிசர்வ் வங்கியும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008-ல் ஏற்படுத்தியது. 2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் ரகுராம் ராஜன் யுபிஐயைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. சில்லறைக்கு நாம் பட்ட பாடு எவருக்கும் மறந்திராது. அப்போதுதான் பல கடைகளில் இந்த அட்டை முதன்முதலாக ஏறியது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யுபிஐ வழியாக 2,001 கோடி கொடுக்கல் வாங்கல் நடந்தது, தொகை ரூ.24.85 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்குச் சராசரி 1,240 ரூபாய்தான் வருகிறது. டீ, காய்கறி, மளிகை என்று நம்மைப்போன்ற கடைகளில் நடக்கும் சின்னச் சின்ன வியாபாரம் அதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

வாடிக்கையாளர் கட்டத்தைக் காட்டி, தொகை போட்டு, தன் ரகசிய எண்ணை அழுத்துகிறார். அவருடைய செயலி என்பிசிஐக்குச் சொல்கிறது. என்பிசிஐ, விலாசம் யாருடையது என்று விசாரித்து, அவருடைய வங்கிக்கு 'பற்று எழுது' என்கிறது. அங்கே பற்று எழுதியானதும் நம் வங்கிக்கு 'வரவு வை' என்கிறது. நம் வங்கி வரவு வைத்து 'ஆயிற்று' என்று பதில் சொன்ன பிறகுதான் இரு பக்கமும் பச்சை அடையாளம் தெரிகிறது. இத்தனையும் சில நொடிகளில். வங்கிகள் தங்களுக்குள் ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் அப்போதைக்கப்போது பணம் அனுப்பிக்கொள்வதில்லை. உன்னிடமிருந்து எனக்கு இவ்வளவு, என்னிடமிருந்து உனக்கு இவ்வளவு என்று சேர்த்து வைத்து, நாளில் பலமுறை நிலுவையை மட்டும் ரிசர்வ் வங்கியில் நேர் செய்துகொள்கின்றன. மதுரை மண்டியும் விருதுநகர் மண்டியும் ஒன்றுக்கொன்று சரக்கு அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் பேரேட்டைப் புரட்டி மீதியை மட்டும் தீர்த்துக்கொள்வது நமக்குப் புதிதா என்ன?

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் வங்கியே கொடுத்த கட்டமானால் பணம் நேராக நம் கணக்கில் வரவாகும். தனியார் செயலிக் கம்பெனி கொடுத்த வியாபாரிகளுக்கான கட்டமானால், பல இடங்களில் பணம் முதலில் அவர்கள் வங்கியில் வைத்துள்ள பொதுக் கணக்குக்குப் போய், பிறகு அன்றைய வசூல் மொத்தமாக நம் கணக்குக்கு வருகிறது, பெரும்பாலும் மறுநாள். பேசும் பெட்டி 'ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது' என்று சொன்னாலும் நம் பாஸ் புத்தகத்தில் அது அந்த நிமிஷமே ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் அட்டை இரண்டில் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சனி ஞாயிறில் மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்களுக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் பெரிது.

பேசும் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. வரவு பற்றிய செய்தி அதற்குத் தனியாக வரும். சிக்னல் இல்லாதபோது பணம் வந்தும் பெட்டி பேசாது. அப்போது வாடிக்கையாளரை நம்பாதவர்போல நடத்தவும் கூடாது. நம் போனில் உள்ள செயலியைத் திறந்து பார்த்தால் முடிந்துவிட்டது. அவர் கணக்கில் கழிந்து நமக்கு வரவில்லை என்றால், 12 இலக்க எண் ஒன்று அவர் போனில் இருக்கும். அதைச் சிட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, கடையில் செலுத்திய பணத்துக்கு இப்படி உறுதி வராமல் போனால் 5 நாளுக்குள் தானாகவே அவருக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடும் உண்டு. இதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொன்னால் கடை வாசலில் சண்டை வராது.

ஏமாற்றும் வழிகள்

ஏமாற்றுகிறவர்கள் வங்கிக் கம்ப்யூட்டரை உடைத்துக்கொண்டு வருவதில்லை. நம் கவனக்குறைவின் வழியாகவே வருகிறார்கள்.

கூட்ட நேரத்தில் வந்து, பச்சை அடையாளம் உள்ள திரையை நீட்டிக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. அது பழைய பட்டுவாடாவின் படமாக இருக்கலாம். பணம் அனுப்பாமலே அதே மாதிரித் திரை காட்டும் போலிச் செயலியாகவும் இருக்கலாம். அடுத்தவர் கையில் உள்ள திரை நமக்கு ரசீது ஆகாது. அவர் எழுதிய சீட்டை அவரே காட்டுகிறார், அவ்வளவுதான். நம் பெட்டி, நம் செயலி, நம் வங்கி மூன்றில் ஒன்று சொல்ல வேண்டும். குறுஞ்செய்தியை மட்டும் நம்புவதும் போதாது. சாதாரண செல் நம்பரிலிருந்து வங்கிச் செய்தி மாதிரியே எழுதி அனுப்புகிறார்கள்.

கதவிலக்கத்தை மாற்றுகிற வகை இன்னொன்று. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில், இரவோடு இரவாகச் சில கடைகளிலும் ஒரு பெட்ரோல் பங்கிலும் அட்டை மேல் வேறு கட்டத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் பணம் செலுத்தியவர்களுக்குக் கடைப் பெயருக்குப் பதில் வேறு பெயர் தெரிந்ததால்தான் விஷயம் வெளிவந்தது. கண்காணிப்புக் கேமராவில் ஒட்டியவர்கள் பதிவாகியிருந்தார்கள். இரவில் அட்டையை வெளியே விடாமல் உள்ளே எடுத்து வைப்பதும், காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பதும் போதுமான காவல். பணம் போட்டதாக இரண்டு மூன்று பேர் தொடர்ந்து சொல்லியும் பெட்டி பேசவில்லை என்றால், சிக்னலைக் குறை சொல்வதற்கு முன் அட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

மொத்த வியாபாரிகளைக் குறிவைக்கும் வகை மூன்றாவது. நம் மண்டிக்கும் இப்படி ஒரு போன் வந்தது. 'ராணுவ முகாமிலிருந்து பேசுகிறோம். 50 மூட்டை அரிசி வேண்டும்' என்று, இந்தியும் தமிழும் கலந்து, மிக மரியாதையாகப் பேசினார்கள். விலை பேரம்கூட இல்லை. முன்பணம் அனுப்புவதற்கு ராணுவத்தில் ஒரு முறை இருப்பதாகவும், தாங்கள் அனுப்பும் கட்டத்தை நம் போனில் காட்டி ரகசிய எண்ணை அழுத்தினால் பணம் நமக்கு வந்துவிடும் என்றும் சொன்னார்கள். நம் கணக்குப்பிள்ளை இருபது வருஷமாக நம்மிடம் இருப்பவர். "அண்ணாச்சி, வரவு வைக்கிறதுக்கு யாராவது கையெழுத்துக் கேட்பாங்களா? பற்று எழுதத்தானே கையெழுத்து" என்றார். போனை வைத்துவிட்டோம்.

அவர் சொன்னதுதான் முழு விஷயமும். ரகசிய எண் என்பது காசோலையில் போடும் கையெழுத்து. பணம் வாங்குவதற்குக் கையெழுத்து வேண்டியதில்லை. கடையில் வேலை செய்யும் பையன்கள், பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவர் பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதியை இந்த மோசடிகள் காரணமாக என்பிசிஐ 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டது. கட்டம் அனுப்பி ஏமாற்றுவது மட்டும் நின்றபாடில்லை.

கணக்கை முடக்கும் தொல்லை

வியாபாரிகளுக்கு இப்போது உண்மையான பயம் இதில்தான் இருக்கிறது. நாம் ஒரு தப்பும் செய்யாமலே நம் கணக்கு முடங்கலாம். எங்கோ ஒரு மாநிலத்தில் ஒருவர் பணத்தைப் பறிகொடுத்து 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்கிறார். திருடியவன் அந்தப் பணத்தை நான்கைந்து கணக்குகளுக்கு மாற்றி, கடைசியில் நம் உறுப்பினர் ஒருவர் கடையில் 1,850 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறான். போலீசார் பணம் போன வழியைப் பின்தொடர்ந்து வந்து, வழியில் உள்ள எல்லாக் கணக்குகளையும் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். நம்மிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறை வியாபாரிக்கு இப்படி ஒரு சின்னத் தொகைக்காக முழுக் கணக்கும் நின்றுபோய், தீபாவளி நேரத்தில் மூன்று வாரம் காசோலை ஒன்றும் போட முடியாமல் தவித்தார். வங்கிக் கிளையில் கேட்டால், மேலிடத்து உத்தரவு என்ற பதிலைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

சந்தேகத்துக்குரிய தொகை மட்டும்தான் நிறுத்தி வைக்கப்பட வேண்டும், முழுக் கணக்கும் அல்ல என்று 2023-ல் கேரள உயர்நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்குகளில் கூறியிருக்கிறது. முடக்கம் வந்தால் முதலில் வங்கியிடம் எந்த ஊர்ப் போலீஸ், புகார் எண் என்ன, எந்தத் தொகை என்று எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். பிறகு அந்தத் தொகைக்குரிய பில் நகல், அன்றைய கேமராப் பதிவு, ஜிஎஸ்டி சான்று ஆகியவற்றுடன் அந்தக் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் கடிதம் அனுப்ப வேண்டும். பில்லே போடாமல் விற்றிருந்தால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

நாம் கடைப்பிடிக்கும் ஏற்பாடு இது. கட்டத்துக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். வசூல் அதில் வரும். அன்றாடம் மாலையில் அதைக் கடைக் கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். காசோலையும் கடனும் அந்தக் கடைக் கணக்கில்தான். முன்னதில் ஏதாவது தொல்லை வந்தாலும் வியாபாரம் அடியோடு நின்றுவிடாது. இது முழுப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. மாற்றிய பணத்தையும் பின்தொடர்ந்து வரலாம். ஆனால் முடக்கம் பெரும்பாலும் முதல் கணக்கோடு நின்றுவிடுவதைப் பார்க்கிறோம்.

மொத்த வியாபாரிகள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சரக்கெடுப்பவர் ஒருவர், பணம் அனுப்புகிறவர் முன்பின் தெரியாத இன்னொருவர் என்றால் வாங்காதீர்கள். "மச்சான் கணக்கிலிருந்து போட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றால், அந்த மச்சான் யார் என்று கேட்டுப் பெயரைப் பேரேட்டில் எழுதுங்கள். 'தவறுதலாக உங்களுக்கு 9,000 ரூபாய் அனுப்பிவிட்டேன், இந்த வேறு நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்று போன் வந்தாலும் அனுப்ப வேண்டாம். அவருடைய வங்கி மூலம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அது திருட்டுப் பணமானால், வாங்கிக் கைமாற்றியவர் என்ற பெயர் நமக்கு வரும்.

வரியும் வாடகையும்

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வசூல் விவரத்தை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது பெரிய கிளர்ச்சியானது. பல கடைகளில் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதிப் போட்டார்கள். வரிவிலக்குள்ள காய்கறி விற்றவருக்கும் நோட்டீஸ் போனது. கடைசியில் முதலமைச்சர் சித்தராமையா, பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை, ஆனால் வரம்புக்கு மேல் உள்ளவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்றார். சரக்கு விற்பனைக்கு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். நம் மாநிலத்திலும் அதே அளவுதான். அட்டையைக் கழற்றுவது நமக்குச் சரியாகப் படவில்லை. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மகள் கல்யாணத்துக்கு வந்த மொய்யும், மைத்துனர் திருப்பிக் கொடுத்த கைமாற்றும் கடைக் கட்டத்தின் வழியாக வருவதைத்தான் நிறுத்த வேண்டும். அதிகாரி பார்ப்பது மொத்தத்தை. அதில் விற்பனை எது, உறவு எது என்று அவருக்குத் தெரியாது. வருமான வரியில் இதனால் ஒரு அனுகூலமும் உண்டு. கணக்குப் புத்தகம் இல்லாமல் உத்தேச லாபம் காட்டும் சிறு வியாபாரிகள், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் காட்ட வேண்டிய இடத்தில், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் காட்டினால் போதும்.

செயலிக் கம்பெனிகள் நமக்கு இதை இலவசமாகக் கொடுத்துவிட்டு எப்படிப் பிழைக்கின்றன? பேசும் பெட்டிக்கு வாடகை வாங்குகிறார்கள். அதைவிடப் பெரிது கடன். நம் தினசரி வசூல் அவர்களுக்குத் தெரியும். ஆகையால் யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கணித்து, 'ஒரே நிமிஷத்தில் ஒரு லட்சம்' என்று போனில் காட்டுகிறார்கள். ஒரு லட்சம் வாங்கி, ஒரு வருஷம் தினமும் பிடித்தம் கொடுத்து, மொத்தம் 1,12,000 கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 12 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், வருஷம் முழுவதும் நம் கையில் சராசரியாக நின்ற தொகை 50,000-தான். அப்படியானால் வட்டி 24 சதவீதத்தை ஒட்டி வருகிறது. மார்க்கெட்டில் மாலையில் நோட்டுப் புத்தகத்தோடு வரும் தண்டல்காரர் கணக்கும் இதேதான். இவர் நேரில் வருவதில்லை, கட்டத்துக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்கிறார். வங்கி ஓவர்டிராப்ட் கிடைக்கும் வழி உள்ளவர்கள் அதை விட்டு இதற்குப் போக வேண்டியதில்லை. வேறு வழியில்லாதவர்கள் ஆண்டு வட்டி எத்தனை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு இறங்கலாம்.

2020 ஜனவரி 1 முதல் யுபிஐ வசூலுக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. செலவை ஈடுகட்ட வங்கிகளுக்கு அரசே ஊக்கத்தொகை கொடுக்கிறது. 2024-25-க்கு 1,500 கோடி ஒதுக்கினார்கள், அதுவும் சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையிலான பட்டுவாடாவுக்கு மட்டும். யாராவது இந்தச் செலவைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று 2025-ல் ரிசர்வ் வங்கி கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா வெளிப்படையாகவே சொன்னார். நாளை கட்டணம் வருமானால் அது முதலில் பெரிய விற்றுமுதல் உள்ளவர்கள் தலையில்தான் விழும். நூற்றுக்கு முப்பது பைசா என்று வைத்தால்கூட, லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 300 ரூபாய். சர்க்கரை, மைதா விற்கிற மொத்த வியாபாரிக்கு அந்த மூட்டைகளில் நிற்கும் லாபத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய தொகைகளைக் கட்டத்தின் வழியாக வாங்காமல் வங்கி மாற்றல் மூலமே வாங்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளலாம். 2 லட்சத்துக்கு மேல் அனுப்பும் ஆர்டிஜிஎஸ் முறை 2020 டிசம்பர் முதல் இரவு பகல் எந்நேரமும் நடக்கிறது. கட்டண விஷயத்தில் சங்கம் என்ன கேட்க வேண்டும், சிறு கடைகளுக்கு மட்டும் விலக்கா, மளிகைச் சரக்கு முழுவதுக்குமா என்று உறுப்பினர்கள் தங்கள் கடையின் ஒரு மாத யுபிஐ வசூல் கணக்கோடு எழுதி அனுப்பினால், அடுத்த செயற்குழுவில் வைத்துப் பேசலாம்.